சேப்பாக்கம் வளாகத்தில் என்ன நடக்கிறது என்று எங்கே பார்ப்பது?

நடுநாட்டுக்காரி:

வணக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறேன், முதல் செமஸ்டர். ஊர் திருக்கோவிலூர் பக்கம். யுஜி படித்த கல்லூரியில் ஒரே மைதானம், ஒரே ஆடிட்டோரியம், எது நடந்தாலும் மைக்கில் சொல்லிவிடுவார்கள், வகுப்பையே எழுப்பி அழைத்துப் போவார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை, யாரும் யாரையும் எழுப்புவதில்லை. கேன்டீனில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து டேபிளில் "நேற்று அந்தக் கல்வெட்டுப் பேச்சு பிரமாதம்" என்று யாரோ சொல்வார்கள், அப்போதுதான் அப்படி ஒன்று நடந்ததே காதில் விழும்.

இன்ஜினியரிங் படிக்கும் என் தோழி தினமும் கல்ச்சுரல்ஸ் ரீல்ஸ் அனுப்பி வெறுப்பேற்றுகிறாள். எனக்கு டிஜே நைட் வேண்டாம், கும்பலைக் கண்டாலே தலைவலி வரும். ஆனால் சென்னைக்கு வந்து, கடலைப் பார்த்த வளாகத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, வகுப்பு, மெஸ், தேர்வு என்று மட்டும் திரும்பிப் போகவும் மனசில்லை.

கேட்க வேண்டியது மூன்று. நிகழ்ச்சிகளைப் பற்றிய தகவல் உண்மையில் எங்கே கிடைக்கும்? வரலாறு படிக்கிற நான் தமிழ்த் துறை, இசைத் துறை நிகழ்ச்சிகளுக்கு எல்லாம் போய் உட்காரலாமா, யாராவது "நீ எந்த டிபார்ட்மென்ட்" என்று கேட்பார்களா? அப்புறம், நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வளாகச் செய்திகளுக்கு ஒரு வாட்ஸப் சேனல் தொடங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம், இதற்கு அனுமதி ஏதும் வேண்டுமா?

---

மணிக்கூண்டு:

வாங்க. நான் அங்கே எம்.ஏ. முடித்து, பிஎச்.டி.யும் முடித்து, வெளியே போகச் சொல்லும் வரை இருந்தவன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பல்கலையின் துறைகளில் இருப்பது பெரும்பாலும் முதுகலை மாணவர்களும் ஆய்வு மாணவர்களும்தான். யுஜி கும்பல் முழுக்க இணைப்புக் கல்லூரிகளில் இருக்கிறது, அதனால் ஸ்டார் நைட்டும் பாட்டுப் போட்டியும் அங்கே. போதாக்குறைக்கு வளாகமும் ஒன்றல்ல, ஆறு: சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி, மதுரவாயல், சேத்துப்பட்டு. மொழித் துறைகள் மெரினாவில், அறிவியல் கிண்டியில், அடிப்படை மருத்துவ அறிவியல் தரமணியில், விளையாட்டு சேத்துப்பட்டில். ஒரே நாளில் நாலு வளாகத்தில் நாலு நிகழ்ச்சி நடக்கும், ஒருவருக்கொருவர் தெரியாது.

இங்கே நிகழ்ச்சி என்றால் முக்கால்வாசி பேச்சுதான். அதிலும் பெரிய பங்கு அறக்கட்டளைச் சொற்பொழிவுகளுக்கு. ஒருவர் தன் அப்பா பெயரிலோ ஆசிரியர் பெயரிலோ ஒரு தொகையைப் பல்கலையில் போட்டு வைப்பார், அதன் வட்டியில் வருடத்துக்கு ஒரு பேச்சு நடத்த வேண்டும். நடத்தாவிட்டால் கணக்கு உதைக்கும். அதனால்தான் ஜூலை, ஆகஸ்டில் ஈ ஓட்டும் அரங்குகள் பிப்ரவரி பிறந்ததும் நிரம்பி வழியும். மார்ச் 31க்குள் செலவு செய்தாக வேண்டிய கருத்தரங்குகள், பயிலரங்குகள், அறக்கட்டளைகள் எல்லாம் வரிசை கட்டி வரும், ஒரே நாளில் மூன்று இடத்தில் மூன்று கேசரி கிடைக்கும். இது எங்கள் பல்கலைக்கு மட்டுமான வழக்கமும் இல்லை, நாட்டில் எந்த அரசுப் பல்கலைக்குப் போனாலும் மார்ச் மாதம் இப்படித்தான். இப்போதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பேச்சுகளுக்கு முப்பது பேர் வந்தால் பெரிய விஷயம், அதில் பாதி பேர் கைடு சொன்னதால் வந்த ஸ்காலர்கள். வெளித்துறை மாணவி ஒருத்தி தானாக வந்து உட்கார்ந்தால் ஏற்பாட்டாளருக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்பார்கள், விரட்டுவதற்காக அல்ல, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்குவதற்காக.

ஆனால் நான் சொல்லப் போவது வேறு ஒன்று. நீங்கள் எதற்குப் போகாவிட்டாலும் பிஎச்.டி. பொது வாய்மொழித் தேர்வுகளுக்குப் போங்கள். யாரும் இதை நிகழ்ச்சியாகவே எண்ணுவதில்லை, ஆனால் வளாகத்தில் அதிகம் நடப்பதும் அதுதான். துறை நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: ஆய்வாளர் பெயர், தலைப்பு, நெறியாளர், புறத் தேர்வாளர், நாள், நேரம், அறை. துறை ஆசிரியர்கள், மற்ற ஆய்வு மாணவர்கள், அந்தப் பொருளில் ஆர்வமுள்ள ஆய்வாளர்கள் வந்து கேட்கும்படி திறந்த முறையில் நடத்த வேண்டும் என்பது யுஜிசி விதியிலேயே இருக்கிறது. ஐந்தாறு வருடம் ஒருவர் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை அரை மணி நேரத்தில் உங்களுக்குச் சொல்லிவிடுவார். அதன் பிறகு புறத் தேர்வாளர் கேட்கும் கேள்விகள் இருக்கிறதே, அதில்தான் விஷயம். "இந்தச் சான்று போதுமா", "இதே காலத்துச் செப்பேடு வேறு சொல்கிறதே, அதை ஏன் விட்டீர்கள்" என்று அவர் கேட்க, இவர் தடுமாறியோ தடுமாறாமலோ பதில் சொல்ல, ஆய்வு என்றால் என்ன என்று இரண்டு செமஸ்டர் ஆய்வு நெறிமுறைத் தாளில் கற்றுக்கொள்ளாததை ஒரு முற்பகலில் கற்றுக்கொள்ளலாம். பின்வரிசையில் ஆய்வாளரின் அம்மா பட்டுப் புடவையில் உட்கார்ந்திருப்பார், பேசுவது பாதி புரியாது, ஆனால் முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்ததும் முதலில் கை தட்டுவது அவராகத்தான் இருக்கும். அப்புறம் சமோசா, டீ. சில துறைகளில் பிரியாணியே நடக்கும், அதைப் பற்றிப் பொதுவெளியில் பேசக் கூடாது.

தகவல் எங்கே என்று கேட்டீர்கள் இல்லையா, நடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலை இணையதளத்தில் சுற்றறிக்கை, கருத்தரங்கு அறிவிப்பு வரும், பார்த்து வையுங்கள், ஆனால் துறை அளவிலான சின்ன நிகழ்ச்சிகள் போர்டில் ஒட்டும் தாளோடு நின்றுவிடும். வாரம் ஒரு முறை மாடிப்படி ஏறி இறங்குங்கள். அலுவலக உதவியாளர்களோடு சிநேகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அரங்கு எந்த நாளுக்கு யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது துறைத்தலைவரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

---

கிண்டிக்காரன்:

மேலே உள்ளவர் சொன்னதைப் படித்து ஒரு பெண் கல்ச்சுரல்ஸ் பார்க்கப் போய் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) உட்காரும் நிலைமையை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. சகோதரி, சென்னையில் இருந்துகொண்டு சேப்பாக்கத்துக்குள் மட்டுமே ஏன் தேட வேண்டும்? எங்கள் அண்ணா பல்கலைக்கு வாருங்கள். டெக்கோபெஸ் 1948லிருந்து நடக்கிறது, உங்கள் தாத்தா காலத்து விழா. தொழில்நுட்பம் பிடித்தால் குருக்ஷேத்ரா. ஜனவரியில் ஐஐடியில் சாரங். வெளிக் கல்லூரி மாணவர்களுக்கும் பதிவு இருக்கும், ஐடி கார்டு மறக்காமல் எடுத்து வரவும், கேட்டில் கெஞ்சினாலும் விட மாட்டார்கள்.

கும்பல் பிடிக்காது என்று சொன்னதால் இன்னொன்று. எங்கள் வளாகத்தில் 2004 பிப்ரவரி 1 முதல் ஒரு சமுதாய வானொலி ஓடுகிறது, அண்ணா எஃப்.எம்., 90.4. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுதான். அதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால் மாணவர்கள் மட்டும் பேசுவதில்லை, சுற்றுவட்டாரக் குடியிருப்புப் பெண்களும் நிகழ்ச்சி தயாரித்துப் பேசுகிறார்கள். வளாகச் செய்தி என்று சேனல் தொடங்கப் போகிறீர்களே, ஒரு பல்கலை தன் மதிலுக்கு வெளியே இருப்பவர்களோடு எப்படிப் பேசலாம் என்பதற்கு அதைக் கேட்டுப் பாருங்கள்.

மற்றபடி 1794ல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி எங்களுடையது, சேப்பாக்கத்துக்கு 63 வருடம் சீனியர், ஆகவே மரியாதை தேவை.

---

மணிக்கூண்டு:

மரியாதை கொடுத்துவிட்டோம். ஆனால் 1978ல் அண்ணா பல்கலை உருவாகும்போது உள்ளே சேர்த்துக்கொண்ட ஏசி டெக், அதாவது அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, அதுவரை யாருடைய துறை என்று கொஞ்சம் விசாரித்துவிட்டு வரவும். அழகப்பச் செட்டியார் நன்கொடையில் 1944ல் அதைத் தொடங்கியது சென்னைப் பல்கலை. கட்டடக்கலைப் பள்ளியும் அப்படித்தான் உங்களிடம் வந்து சேர்ந்தது. பங்காளிச் சண்டையை வேறு திரியில் வைத்துக்கொள்வோம்.

---

பைகிராப்ட்ஸ் ரோடு:

சேனல் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். இதழியல் படித்தவள், வகுப்பில் இருந்தபோது இதே மாதிரி ஒரு நிகழ்ச்சிப் பட்டியலை ஒரு வருடத்துக்கு மேல் நடத்தியிருக்கிறேன், அதனால் இதில் எங்கே வழுக்கும் என்று ஓரளவு தெரியும்.

அனுமதியைப் பொறுத்தவரை, நாலு பேர் தங்களுக்குத் தெரிந்த நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்ள யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் பல்கலையின் சின்னத்தை முகப்புப் படமாக வைக்காதீர்கள், பெயரிலும் அதிகாரபூர்வமானது போலத் தோன்றும் எதையும் சேர்க்காதீர்கள். "மாணவர்கள் நடத்துவது" என்று விளக்கத்தில் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் துறைத்தலைவரிடம் வாய்வார்த்தையாக ஒரு சொல் சொல்லி வையுங்கள், பின்னால் யாராவது கேட்டால் அவருக்கு முன்பே தெரிந்திருப்பது நல்லது.

குரூப் வேண்டவே வேண்டாம், சேனல்தான் சரி. குரூப் என்றால் இரண்டாம் நாளே "ரிசல்ட் எப்போ", "ரீவேல்யுவேஷன் பீஸ் எவ்வளவு", "குட் மார்னிங்" என்று வந்து நிகழ்ச்சியெல்லாம் மூழ்கிவிடும்.

அழைப்பிதழைப் போட்டோ எடுத்து அப்படியே போட்டுவிடுவது சோம்பேறித்தனம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது, சின்ன போனில் படிக்கவும் முடியாது. கீழே தட்டச்சு செய்யுங்கள்: நாள், கிழமை, நேரம், எந்த வளாகம், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, யார் பேசுகிறார், எதைப் பற்றி, எந்த மொழியில். கிழமையைக் கட்டாயம் போடுங்கள், தேதி தப்பாக அச்சாகியிருந்தால் கிழமைதான் காட்டிக்கொடுக்கும். வளாகத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள். "சென்னைப் பல்கலைக்கழகத்தில்" என்று மட்டும் அழைப்பிதழில் இருக்கும், ஆள் சேப்பாக்கத்துக்கு வந்து தேடிக்கொண்டிருப்பார், பேச்சு கிண்டியில் முடிந்திருக்கும். வாய்மொழித் தேர்வு அறிவிப்பைப் பகிர்ந்தால் ஆய்வாளரின் செல்பேசி எண், முகவரி ஏதாவது இருந்தால் மறைத்துவிடுங்கள்.

முதல் நாள் மாலை ஒரு முறை போன் பண்ணி உறுதி செய்வது முக்கியம். அமைச்சர் வருகிறார், அரங்கு வேறு ஒருவருக்குப் போய்விட்டது, பேச்சாளருக்குக் காய்ச்சல், மழை விடுமுறை என்று தள்ளிப் போகும் நிகழ்ச்சி ஏராளம். ஒட்டிய தாளைக் கிழிக்க யாரும் வர மாட்டார்கள். இரண்டு முறை ஆளை வீணாக அலையவிட்டால் உங்கள் சேனலை யாரும் நம்ப மாட்டார்கள்.

இதெல்லாம் சின்ன வேலை. உண்மையான வேலை நிகழ்ச்சி முடிந்த பிறகு இருக்கிறது. அழைப்பிதழ் எல்லா இடத்திலும் வரும், பொன்னாடை போர்த்தும் போட்டோவும் வரும். அவர் என்ன பேசினார் என்பது மட்டும் எங்கேயும் வராது. நாளிதழில் வந்தாலும் "விழாவில் துணைவேந்தர், பதிவாளர், பேராசிரியர்கள் கலந்துகொண்டனர்" என்று முடிந்துவிடும். ஒருவர் இருபது வருடம் உழைத்து ஒரு மணி நேரம் பேசிய பேச்சு முப்பது பேரோடு போய்விடுகிறது, பதிவும் இல்லை, குறிப்பும் இல்லை. நீங்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு நிகழ்ச்சி, பத்து வரி, புதிதாகத் தெரிந்துகொண்டது என்ன, சபையில் யார் என்ன கேள்வி கேட்டார், பேச்சாளர் சொன்ன எந்தப் புத்தகத்தைத் தேடிப் படிக்கலாம், அவ்வளவுதான். இதைச் செய்தால் வளாகத்தில் வேறு யாரும் செய்யாததைச் செய்கிறீர்கள். செய்யாவிட்டால் இன்னொரு பார்வர்டு சேனல், ஏற்கெனவே நிறைய இருக்கிறது. கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் தோன்றட்டும்.

---

பழைய நூலகர்:

வாம்மா. நான் பல்கலைக்காரன் இல்லை, அரசு நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஆனால் சேப்பாக்கத்துக்கு ஆயிரம் தடவையாவது வந்திருப்பேன்.

இளைஞர்கள் யாரும் சொல்லாத ஒரு வழி சொல்கிறேன். தமிழ் நாளிதழ்களின் சென்னைப் பதிப்பில் "இன்றைய நிகழ்ச்சிகள்" என்று பொடி எழுத்தில் ஒரு மூலை இருக்கும். கோயில் சொற்பொழிவு, புத்தக வெளியீடு, இலக்கிய வட்டம், பல்கலைக் கருத்தரங்கு எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கும். காலையில் நூலகத்தில் இரண்டு பேப்பரை எடுத்து அந்த மூலையை மட்டும் பார்த்தால் ஐந்து நிமிடம். நான் இன்றைக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் தேதிகளை வைத்தும் பிடிக்கலாம். செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் என்று எல்லாருக்கும் தெரியும், 1857ல் உங்கள் பல்கலை தொடங்கியதும் அதே நாள்தான். டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாள், தேசியக் கணித நாள். 1913ல் துறைமுக அலுவலகக் குமாஸ்தாவாக இருந்த மனிதருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்து உட்கார்ந்து கணக்குப் போடச் சொன்னது இந்தப் பல்கலை, அவர் பெயரிலேயே சேப்பாக்கத்தில் உயர்கணித நிறுவனம் இருக்கிறது. கணக்கு புரியாவிட்டாலும் அந்த நாளை ஒட்டி அங்கே ஒரு எட்டு எட்டிப் பாரம்மா. பிப்ரவரி 21 தாய்மொழி நாள், தமிழ்த் துறைகள் பக்கம் போகலாம். பிப்ரவரி 28 அறிவியல் நாள், கிண்டி. ஆகஸ்ட் 12 எங்கள் ஆள் ரங்கநாதன் பிறந்த நாள், அது நூலகர்களுக்கு.

ரங்கநாதனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் போக முடியாது. மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவரை 1924ல் பல்கலையின் முதல் நூலகராகப் போட்டார்கள். வந்த புதிதில் வேலை அலுத்துப்போய் வாத்தியார் வேலைக்கே திரும்பப் பார்த்தார், பிறகு லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்தார், அதன் பிறகு நூலகத்தை விடவே இல்லை. வாசகர் தானே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுக்கலாம் என்ற முறையை இங்கே கொண்டுவந்தார். நீ இன்றைக்கு உட்காரும் நூலகக் கட்டடம் 1936லிருந்து இருக்கிறது. நூலக அறிவியல் படிக்கிறவர்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் ஒப்பிக்கும் ஐந்து விதிகள் இந்த வளாகத்தில் வேலை பார்த்தவர் 1931ல் எழுதியவை. பிள்ளைகள் ஏசி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

சேப்பாக்கம் வளாகத்திலேயே இருக்கும் பல்கலையின் பழைய மண்டபம் செனட் ஹவுஸ், எல்லா நாளும் திறந்திருக்காது. ஏதாவது நிகழ்ச்சி அதற்குள் நடக்கிறது என்று கேள்விப்பட்டால் தலைப்பு என்னவென்று பார்க்காதே, போய்விடு. சிஸோம் என்ற கட்டடக்கலைஞர் 1874ல் தொடங்கி 1879ல் முடித்தது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் மாலை வெயில் விழும்போது பேச்சாளர் பேசுவது காதில் ஏறாது. 1937ல் தேர்தல் நடந்து ராஜாஜி முதல் மந்திரியாக வந்தபோது சட்டசபை கூடியதும் இந்த மண்டபத்தில்தான். வரலாறு படிக்கிறாய், இதையெல்லாம் உன் வாத்தியார்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

---

நடுநாட்டுக்காரி:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நூலகர் ஐயா, சட்டசபை அங்கே கூடியது எனக்குத் தெரியாது, இன்றைக்கே வகுப்பில் கேட்கிறேன்.

மணிக்கூண்டு அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி போர்டுகளைச் சுற்றிப் பார்த்தோம். இந்த வாரத்துக்குள் மட்டும் இரண்டு வைவா தாள் இருக்கிறது, ஒன்று தத்துவம், இன்னொன்று பொருளியல். முதலாவதற்குப் போகிறோம்.

பைகிராப்ட்ஸ் அக்கா, பத்து வரி யோசனை எங்கள் மூவருக்குமே பிடித்துவிட்டது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. பேச்சாளர் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டு எழுதிவிட்டால்? போனில் ஒலிப்பதிவு செய்துகொள்ளலாமா?

இன்னும் ஒரு நடைமுறைக் கேள்வி. நான் தங்கியிருப்பது திருவல்லிக்கேணியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல், எட்டு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். இசைத் துறை நிகழ்ச்சி, மார்கழிக் கச்சேரி எல்லாம் மாலையில்தானே இருக்கும்?

---

பைகிராப்ட்ஸ் ரோடு:

ஒலிப்பதிவுக்குப் பேச்சு தொடங்கும் முன்பே பேச்சாளரிடம் நேராகப் போய்க் கேட்டுவிடு. "குறிப்புக்காக மட்டும், வெளியே போட மாட்டோம்" என்றால் அநேகமாகச் சரி என்பார்கள். சிலர் இன்னும் அச்சாகாத ஆய்வைப் பேசுவார்கள், அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், பையில் போனை ஒளித்துவைத்துப் பதிவு செய்வதெல்லாம் கூடாது. எழுதியதை அன்றிரவே அவருக்கு அனுப்பி "சரியாக இருக்கிறதா ஐயா" என்று கேள். பெரும்பாலானவர்கள் திருத்தி அனுப்புவார்கள், சந்தோஷமும் படுவார்கள். தன் பேச்சைக் கவனித்து ஒரு மாணவி பத்து வரி எழுதுவது அவர்களுக்கும் அடிக்கடி நடப்பதில்லை.

வாய்மொழித் தேர்வில் மட்டும் ஒலிப்பதிவு கேட்கவே கேட்காதே. அது ஒருவருடைய தேர்வு. அவர் தடுமாறிய கேள்வியையும் சேனலில் எழுதாதே. ஆய்வு எதைப் பற்றியது, என்ன கண்டுபிடித்தார், போதும்.

---

மணிக்கூண்டு:

நேரம் பற்றிக் கவலை வேண்டாம். துறை நிகழ்ச்சிகள் அலுவலக நேரத்துக்குள்தான், இசைத் துறையிலும் அப்படித்தான், பகலில் செயல்முறை விளக்கத்தோடு நடக்கும் சொற்பொழிவுகளைப் பார்த்து வையுங்கள். கச்சேரி மட்டும் கேட்பதைவிட அது உங்களுக்கு அதிகம் பிடிக்கலாம், ராகத்தை நிறுத்தி நிறுத்திப் பாடிக் காட்டுவார்கள். 1930களிலேயே இசைக்குத் துறை தொடங்கிய பல்கலை இது. மார்கழியில் சபாக்களில் காலையிலும் மதியத்திலும் நடக்கும் கச்சேரிகள் நிறைய இலவசம், டிக்கெட் பெரும்பாலும் மாலைக் கச்சேரிகளுக்குத்தான். மதியக் கச்சேரி முடித்துவிட்டு ஆறரைக்கெல்லாம் ஹாஸ்டலில் இருக்கலாம். எலெக்டிவ் எடுக்கும்போது உங்கள் துறையோடு நிற்காமல் மற்றத் துறைகள் தரும் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மெரினா வளாகம் அதே காமராசர் சாலையில்தான், தெற்கே போக வேண்டும். மகளிருக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட் இல்லை, வெயிலில் நடக்காதீர்கள். திருவல்லிக்கேணியிலேயே இருக்கிறீர்கள் என்பதால் இன்னொன்று: பாரதி நினைவில்லம் உங்களுக்கு நடக்கிற தூரம், செப்டம்பர் 11, டிசம்பர் 11 இரண்டு நாளும் அங்கே கூட்டம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகம். மேலே உள்ள அக்காவின் பெயரே அந்தச் சாலையின் பழைய பெயர்தான்.

மேட்ச் நாள் மட்டும் ஜாக்கிரதை. ஸ்டேடியம் பக்கத்திலேயே இருப்பதால் ஐபிஎல் சமயத்தில் மதியத்திலிருந்தே வாலாஜா சாலை, பெல்ஸ் சாலை பக்கம் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள், சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் மஞ்சள் சட்டை தவிர வேறு நிறமே தெரியாது. அன்றைக்கு நிகழ்ச்சி இருந்தால் சேனலில் தனியாக ஒரு வரி போட்டுவிடுங்கள்.

---

கிண்டிக்காரன்:

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை யாரும் சொல்லவில்லை. அங்கே தமிழியல் சொற்பொழிவுகள் நடக்கும், இலவசம், வரலாறு படிக்கிறவருக்கு எங்கள் டெக்கோபெஸ்ஸைவிட அதுதான் பொருத்தம் என்று ஒப்புக்கொள்கிறேன். திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறினால் வேளச்சேரி போகிற வழியில்தான் தரமணி. சேனல் தொடங்கியதும் இணைப்பை இங்கே போடவும், கிண்டி வளாகப் போர்டுகளை நான் பார்த்துச் சொல்கிறேன், மதிலுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறேன்.

---

நடுநாட்டுக்காரி:

கிண்டிக்கு ஆள் கிடைத்துவிட்டது! சேத்துப்பட்டு, மதுரவாயல் பக்கம் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். திங்கட்கிழமை தொடங்குகிறோம், இணைப்பு அன்றைக்கு மாலை இங்கே வரும்.